"புல்லு வெட்டத்தான் போவே!"



சென்ற மாதம் ஜாசின் இரவுச் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ என் கையைத் தொட்டார்கள். திரும்பிப் பார்த்தால், சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பையனின் தாயார். நலம் விசாரித்த பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தார்.

"டீச்சர், உங்ககிட்ட ஒரு யோசன கேக்கணும். என் சின்னவன் அஞ்சாம் பாரம் முடிச்சிட்டு வீட்டுல சும்மா இருக்கான். கோல்ப் கிளப்புல ஒர்க்ஷாப் வேல இருக்குன்னு கூப்பிடுறாங்க. புல்லு வெட்டுற மிஷின ரிப்பேர் பாக்கணுமாம். அவனுக்கு ஆசதான். அவங்க அப்பாதான், 'நான் தோட்டத்துல புல்லு வெட்டுனது போதாதா, அவனும் அதே புல்லுக்கா போகணும்'னு கத்துறாரு. அனுப்பலாமா டீச்சர்?"

"ஒரு வாரம் பொறுங்கம்மா, விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி வந்துவிட்டேன். உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தப் 'புல்லு' என்ற சொல் என்னைத் தைத்துவிட்டது. ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், நான் தோட்டப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. நான்காம் ஆண்டில் ஒரு மாணவன் இருந்தான். ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மேல் அவனுக்கு ஏறாது. ஆனால் திருகாணி என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், கழற்றிப் பார்த்துவிடுவான். ஒரு நாள் ஓய்வு நேரம் முடிந்து வகுப்புக்குள் நுழைகிறேன், என் மேசைக் கடிகாரம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பக்கத்தில் அவன் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில், "நீயெல்லாம் படிக்க மாட்டே. புல்லு வெட்டத்தான் போவே!" என்று கத்திவிட்டேன். வகுப்பே சிரித்தது.

அவனுடைய அம்மா வெளிக்காட்டு வேலைக்குப் போகிறவர். அன்று காலையிலும் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்துவிட்டுப் புல் வெட்டத்தான் போயிருந்தார். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் யோசிக்கவில்லை.

நிற்க.

அந்த மாணவனுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. மலாக்கா மாநிலத்தில் ஆயர் குரோ, சிம்பாங் அம்பாட், பெம்பான் வட்டாரங்களில் கோல்ப் மைதானங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். நம் மாநிலத்து மைதானம் ஒன்றில்தான் அவன் மெக்கானிக்காக இருக்கிறான். கிளப்பின் பெயர் இங்கே வேண்டாம். அந்தத் தாயாருக்குப் பதில் சொல்ல அவனைவிடப் பொருத்தமான ஆள் வேறு யார்? பள்ளி விடுமுறையில் ஒரு நாள் கிளம்பிவிட்டேன்.

ஒர்க்ஷாப் என்றதும் எண்ணெய்ச் சகதியும் கரியும் கிடக்கும் என்று நினைத்துப் போனேன். நம் சமையலறை போல் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். சுவரில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்தை வரைந்து, அதன் மேல் அந்த ஸ்பானரை மாட்டியிருந்தார்கள். "எது மாட்டலன்னு தூரத்துல இருந்தே தெரிஞ்சிடும் டீச்சர். மிஷினுக்குள்ள மறந்து வெச்சிட்டா ஆபத்து" என்றான். வாய்ப்பாட்டை மறந்தவன் பேசுகிற பேச்சா இது!

முதலில், நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். கோல்ப் மைதானத்தில் எல்லாப் புல்லும் ஒரே மாதிரி வெட்டப்படுவதில்லை. பந்து விழ வேண்டிய குழி நாலேகால் அங்குல விட்டம், அதாவது 108 மில்லிமீட்டர். அந்தக் குழியைச் சுற்றியுள்ள தரைக்குக் 'கிரீன்' என்று பெயர். அங்கே புல்லின் உயரம் எவ்வளவு தெரியுமா? 3 அல்லது 4 மில்லிமீட்டர். ஓர் அரிசி மணியைப் படுக்க வைத்தால் அதில் பாதி நீளம்தான் இருக்கும். அந்த உயரத்தில் பாய் விரித்தாற்போல் மேடு பள்ளம் இல்லாமல் வெட்ட வேண்டும். அரை மில்லிமீட்டர் இறங்கினாலும் புல் வழித்தெடுத்த மாதிரி ஆகிவிடும். ஏறினால் பந்தின் ஓட்டம் மாறிவிடும்.

நம் தோட்டத்தில் முதுகில் மாட்டிக்கொண்டு வெட்டுகிறார்களே, அந்த மெஷினால் இது ஆகாது. அதில் கத்தி வேகமாகச் சுற்றிப் புல்லை அடித்து அறுக்கிறது. கிரீனை வெட்டும் மெஷினின் முறையே வேறு. அதில் ஓர் உருளை இருக்கிறது. அதைச் சுற்றி எட்டு, பதினொன்று, சிலவற்றில் பதினான்கு கத்திகள் கயிறு முறுக்கினாற்போல் வளைந்து போகின்றன. இதற்கு 'ரீல்' என்று பெயர். அதன் அடியில் அசையாமல் ஒரு நேர்க்கத்தி கிடக்கிறது. அவர்கள் 'பெட் நைஃப்' என்கிறார்கள். நாம் அடிக்கத்தி என்று வைத்துக்கொள்வோம். உருளை சுற்றும்போது அதன் கத்திகள் ஒவ்வொன்றாக அடிக்கத்தியை உரசினாற்போல் கடந்து போகும். நடுவில் அகப்பட்ட புல் 'சரக்'கென்று துண்டாகும்.

தாய்மார்களே, இது வேறொன்றுமில்லை. உங்கள் தையல் கத்தரிக்கோல்தான்! கத்தரிக்கோலின் இரண்டு அலகும் எவ்வளவு கூராக இருந்தாலும், நடுத் திருகாணி தளர்ந்துபோனால் துணி வெட்டுப்படாமல் மடங்கிக்கொள்ளும் அல்லவா? இங்கேயும் அதே கதை. கூர் மட்டும் போதாது. இரண்டு கத்தியும் ஒன்றையொன்று சரியாகத் தொட வேண்டும்.

இந்த மெஷினுக்கும் துணிக்கும் வேறோர் உறவும் உண்டு. இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் என்ற ஊர்ப் பக்கம் கம்பளி ஆலைகள் நிறைய இருந்தன. நெய்த கம்பளியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சமமாக வெட்ட அங்கே ஓர் உருளைக் கத்தி மெஷின் இருந்தது. அதைக் கண்ட எட்வின் பட்டிங் என்ற பொறியாளருக்கு, 'துணியை வெட்டுகிற இது புல்லை வெட்டாதா?' என்று தோன்றியது. 1830-ஆம் ஆண்டில் புல்வெட்டும் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் பெரிய மனிதர்களின் புல்தரைகளை ஆட்கள் அரிவாளால் வெட்டினார்கள். இல்லையென்றால் ஆடு மேய விட்டார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இஞ்சின் வந்தது, கம்ப்யூட்டர்கூட வந்துவிட்டது. ஆனாலும் ரீலும் அடிக்கத்தியும் மாறவில்லை.

சரி, இரண்டு கத்தியும் சரியாகத் தொடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? பெரிய கருவி ஏதாவது காட்டுவான் என்று எதிர்பார்த்தேன். ஒரு பழைய தமிழ்ப் பத்திரிகையை எடுத்து நீளநீளமாகக் கிழித்தான்.

முதலில் இஞ்சினை நிறுத்திச் சாவியை உருவித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். தடித்த கையுறை மாட்டினான். காகிதத் துண்டை அடிக்கத்திக்கு நேர்க்குத்தாக நீட்டிப் பிடித்து, ரீலை மெதுவாகச் சுற்றினான். காகிதம் பிளேடு வைத்து அறுத்தாற்போல் துண்டானது. அடிக்கத்தியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இரண்டு அங்குலத்துக்கு ஓர் இடமாக வெட்டிக்கொண்டே போனான். ஓர் இடத்தில் மட்டும் காகிதம் வெட்டுப்படாமல் மடங்கியது.

"பாத்தீங்களா டீச்சர்? இங்க ஒரு பல்லு உடைஞ்சிருக்கு. கல்லுல பட்டிருக்கும். இப்படியே விட்டா நாளைக்குக் கிரீன் முழுக்க ஒரு கோடு வெட்டாம நிக்கும்."

அந்தக் கோட்டைப் பார்த்தே எந்த மெஷினில், எந்த ரீலில், எந்த இடத்தில் பழுது என்று சொல்லிவிடுவானாம். குழந்தையின் கையெழுத்தைப் பார்த்தே அது யாருடைய நோட்டு என்று நான் சொல்லிவிடுவதில்லையா? அந்த மாதிரிதான்.

பழுது இரண்டு வகை. மணல் பட்டு விளிம்பு மழுங்கிப்போவது ஒன்று. கிரீனைச் சமப்படுத்த அடிக்கடி அதன் மேல் மணல் தூவுவார்கள். அந்த மணல்தான் கத்திக்கு எமன். இந்த மழுங்கலுக்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. ரீலைப் பின்பக்கமாகச் சுற்றவிட்டு, கரகரப்பான ஒரு பசையை நீண்ட கைப்பிடி உள்ள பிரஷ்ஷால் அதன் மேல் தடவுகிறார்கள். உருளைக் கத்தியும் அடிக்கத்தியும் ஒன்றையொன்று தீட்டிக்கொள்கின்றன. சத்தத்தைக் கேட்டே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று தெரிந்துகொள்வானாம். முடிந்ததும் பசை துளியும் இல்லாமல் கழுவ வேண்டும். மிச்சம் இருந்தால் அடுத்த நாள் ஓடும்போது அதுவே கத்தியைத் தின்றுவிடும்.

பல் உடைந்தாலோ, உருளை ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்துப்போனாலோ பசை உதவாது. ரீலைக் கழற்றிச் சாணை மெஷினில் ஏற்ற வேண்டும். அதற்கு முன் இரண்டு முனையிலும் உள்ள பேரிங் ஆட்டம் கண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆடுகிற பேரிங்கை வைத்துக்கொண்டு சாணை பிடித்தால் இரும்புதான் வீண்.

"தொடணும்னு சொன்னியே, அப்ப நல்லா இறுக்கி வெச்சிட்டா என்ன?" என்று கேட்டேன்.

சிரித்தான். "எல்லாரும் அங்கதான் தப்பு பண்ணுவாங்க டீச்சர். இறுக்குனா முதல்ல நல்லா வெட்டுற மாதிரி தெரியும். அப்புறம் சூடாகி, ரெண்டு கத்தியும் தேஞ்சு போயிடும். தொட்டும் தொடாம இருக்கணும்."

பிள்ளைகளைக் கண்டிப்பதற்கும் இந்த அளவுதான் சரி என்று எனக்குத் தோன்றியது. அவனிடம் சொல்லவில்லை.

பிறகு ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து இரண்டு புல் இலைகளைக் காட்டினான். கூரான கத்தியில் வெட்டிய இலையின் நுனி நேராக இருந்தது. மழுங்கிய கத்தியில் வெட்டியது நார் நாராகப் பிய்ந்திருந்தது. பிய்ந்த நுனி வழியே புல்லின் ஈரம் போய்விடும். மத்தியான வெயிலுக்குள் நுனி பழுத்துவிடும். நம் நாட்டு மழையிலும் புழுக்கத்திலும் பூஞ்சை நோய் நுழைய அதுவே வாசல். பசுமையான தரை வெளுத்துப்போனால் எல்லோரும் உரம் போதவில்லை என்பார்கள். தண்ணீர் போதவில்லை என்பார்கள். மழுங்கிய கத்தி யார் நினைவுக்கும் வராது.

இதைக் கேட்டதும் எனக்கு என் அம்மா நினைவுக்கு வந்தார்.

அம்மா இருபத்தைந்து ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். சாயங்காலம் லயத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, உளியை மடியில் வைத்துக்கொண்டு தீட்டுவார். தீட்டுக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் ஓசையைக் கேட்டபடியேதான் நான் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தேன். "ஏம்மா தினமும் தீட்டுறே?" என்று கேட்டால், "கத்தி மழுங்குனா மரத்துக்கு வலிக்கும்டி" என்பார்.

அது வெறும் பேச்சல்ல, விஞ்ஞானம் என்பது பின்னால் படித்தபோதுதான் புரிந்தது. 1896-ஆம் ஆண்டில் இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் ரப்பரை வாணிபப் பயிராக நட்டார். அந்தக் காலத்திலேயே சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ரிட்லி துரை மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழியைக் கண்டிருந்தார். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும்; பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள உயிர்ப்படலத்தைத் தொடக்கூடாது. ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவு பட்டைதான் போக வேண்டும். கத்தி மழுங்கினால் கை அழுத்தும். அழுத்தினால் காயம் விழும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அப்புறம் அங்கே சீவ முடியாது. காயம் போட்டவர் பெயரை மண்டோர் பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிக் கூப்பிடுவார். என் அம்மாவின் பெயர் அப்படி ஒரு நாளும் கூப்பிடப்பட்டதில்லை.

அம்மாவின் கையில் ஒன்றரை மில்லிமீட்டர். இவன் கையில் மூன்று மில்லிமீட்டர். இரண்டு பேருமே 'படிக்காதவர்கள்'. பள்ளிக்கூடத்தில் நான் ரூல் தடியை வைத்துக்கொண்டு சென்டிமீட்டர் சொல்லிக்கொடுக்கிறேன்!

மில்லிமீட்டரை எப்படி அளக்கிறான் என்று பார்த்தேன். கத்திப் பெட்டியைக் கவிழ்த்து, முன் உருளைக்கும் பின் உருளைக்கும் குறுக்கே ஓர் இரும்புச் சட்டத்தை வைக்கிறான். அதில் ஒரு திருகாணி நிற்கிறது. அதன் தலை அடிக்கத்தியின் விளிம்பில் படும்வரை உருளையை ஏற்றி இறக்குகிறான். இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை, மறுபடியும் இடப்பக்கம். ஒரு பக்கத்தைத் திருப்பினால் மறுபக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்குமாம். "அவசரப்பட்டா தப்பாயிடும் டீச்சர்" என்றான்.

அவன் அதிகம் பயப்படுவது எதற்குத் தெரியுமா? எண்ணெய்க்கு. பெரிய மெஷின்களில் பலவற்றில் எண்ணெயின் அழுத்தத்தால் ரீலைச் சுற்றவைக்கிறார்கள். எண்ணெய் போகும் ரப்பர்க் குழாய் வெடித்தால், சுடுகிற எண்ணெய் கிரீனில் கோடு போட்டுக்கொண்டே போகும். ஓட்டுகிறவர் திரும்பிப் பார்ப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். கோடு போன இடமெல்லாம் புல் செத்து, பார்க்கிறவர் கண்ணில் பல வாரங்கள் உறுத்தும். அதனால் தினமும் மெஷின் வெளியே போகுமுன் ஒவ்வொரு குழாயையும் டார்ச் அடித்துப் பார்க்கிறான். வெடிப்பு, உரசல், ஈரம், ஏதாவது ஒன்று இருந்தால் மெஷின் நகராது. பெட்ரோல் ஊற்றுவதும் புல்லின் மேல் கிடையாது, ஒர்க்ஷாப் தரையில்தான்.

ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறான். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எப்போது கிரீஸ் அடித்தது, எப்போது எண்ணெய் மாற்றியது, எந்த பேரிங் புதுசு, எல்லாம் இருந்தன. கையெழுத்து அழகாக இல்லை. ஆனால் ஒரு நாள்கூட விடுபடவில்லை.

இனி, இந்த வேலையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நல்லதை மட்டும் சொன்னால் அந்தத் தாயாருக்கு நான் துரோகம் செய்தவளாவேன்.

அவனுடைய இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு. சேர்ந்த முதல் ஆண்டில் வந்தது. இஞ்சின் நின்றிருக்கிறது, ரீலில் புல் அடைத்திருக்கிறது, கையால் இழுத்திருக்கிறான். அடைப்பு விட்டதும் ரீல் சற்றே திரும்பியது. அவ்வளவுதான். கூரான ரீல் ஓடத் தேவையில்லை. கொஞ்சம் திரும்பினாலே விரல் போய்விடும். சில மெஷின்களில் ஒரு கத்தியைத் திருப்பினால் பக்கத்துக் கத்தியும் சேர்ந்து திரும்பும். அதனால்தான் முதலில் சாவி, பிறகு கையுறை, பிறகு ஒரு மரக்கட்டை வைத்துத் தடுத்தல், அப்புறம்தான் வேலை. இப்போது அவனுக்குக் கீழே இருக்கும் பையன்களுக்கும் இதே பாடத்தைத்தான் முதல் நாள் நடத்துகிறான்.

எண்ணெய்க் குழாயில் ஊசித் துளை அளவு ஓட்டை இருந்தால் கையை வைத்துத் தடவிப் பார்க்கவே கூடாது. அட்டையை நீட்டித்தான் பார்க்க வேண்டும். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். வலிகூடச் சில சமயம் இருக்காது. ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லையென்றால் கையையே எடுக்க வேண்டி வரலாம். வீட்டில் யாராவது டிராக்டர், பேக்ஹோ வேலை பார்த்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். புள்ளிதானே என்று தைலம் தேய்த்துவிட்டுத் தூங்கக்கூடாது.

கிளம்பும் நேரம் வந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அன்னைக்கு வகுப்புல நான் உன்னைத் திட்டினது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "இருக்கு டீச்சர்."

"தப்பா பேசிட்டேன்பா."

"அம்மாகிட்ட சொல்லல டீச்சர். இன்னை வரைக்கும் சொல்லல."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை, தன்னைத் திட்டியதை அல்ல, அந்தத் திட்டு யார் மேல் விழுந்தது என்பதைப் புரிந்துகொண்டு, அதைத் தன் தாயின் காதில் விழாமல் இத்தனை ஆண்டு காத்திருக்கிறான். நானோ சான்றிதழ் பெற்ற ஆசிரியை!

அவனே பேச்சை மாற்றினான். "அந்தக் கடிகாரம் ஓடுதா டீச்சர்?"

ஓடுகிறது. அன்று அவன்தான் அதைத் திரும்பப் பூட்டிக் கொடுத்தான். சொல்ல மறந்துவிட்டேன் பாருங்கள்.

ஒரு வாரம் கழித்து அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போனேன். அப்பாவும் இருந்தார். 'அனுப்புங்கள்' என்றோ 'அனுப்பாதீர்கள்' என்றோ சொல்லவில்லை. சேருமுன் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொன்னேன். இதே நிலையில் இருக்கும் மற்றப் பெற்றோருக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, வேலைக் கடிதம் எழுத்தில் உண்டா? சம்பளம், வேலை நேரம், ஓவர்டைம் எல்லாம் அதில் இருக்கிறதா? கிரீனை விடியற்காலையில் வெட்டுவார்கள். மெக்கானிக் இருட்டோடு எழுந்து போக வேண்டியிருக்கும். மோட்டார் சைக்கிளில் போகிற பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல.

இரண்டாவது, இ.பி.எஃப்., சொக்சோ இரண்டும் கட்டுகிறார்களா? சொக்சோ 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பு. கத்தியோடு பழகும் வேலையில் அது இல்லாமல் ஒரு நாளும் நிற்கக் கூடாது.

மூன்றாவது, காலணி, கையுறை, கண்ணாடி, காதடைப்பு யார் தருகிறார்கள்? 'நீயே வாங்கிக்கோ' என்று சொல்லும் இடம் என்றால் யோசியுங்கள்.

நான்காவது, யாரிடம் கற்றுக்கொள்ளப் போகிறான்? கற்றுக்கொடுக்க ஓர் ஆள் இருக்கிறாரா, அல்லது இவனைச் சும்மா மெஷின் கழுவ வைத்துக்கொள்வார்களா? கழுவுவதும் வேலைதான், கழுவும்போதுதான் வெடிப்பு கண்ணில் படும். ஆனால் மூன்று வருடம் கழுவிக்கொண்டே இருந்தால் அது தொழில் ஆகாது.

ஐந்தாவதுதான் முக்கியம். கையில் சான்றிதழ் சேருமா? மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் எஸ்.கே.எம். சான்றிதழ் மூன்று நிலைகளில் இருக்கிறது. அதற்கு மேல் நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. நம் மாநிலத்திலேயே, அலோர் காஜா வட்டாரத்துத் தாபோ நானிங்கில், அட்டெக் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. படிக்கப் போக முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள் தங்கள் அனுபவத்துக்குச் சான்று காட்டி, மதிப்பீட்டில் தேறி எஸ்.கே.எம். பெறலாம். பி.பி.டி. என்று சொல்வார்கள். என் மாணவன் நோட்டுப் புத்தகத்தை விடாமல் எழுதி வருவதன் காரணம் அதுதான். என்ன வேலை, என்ன தேதி, என்ன மெஷின் என்று எல்லாம் அதில் இருக்கிறது. நம் ஆட்கள் முப்பது வருடம் மெஷினோடு மல்லுக்கட்டியிருப்பார்கள். கேட்டால் கையைத்தான் காட்டுவார்கள், காகிதம் இருக்காது. இனி அப்படி இருக்கக் கூடாது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அப்ப இவன் புல்லு வெட்டப் போகலையா?" என்றார்.

"வெட்டினாலும் தப்பில்லைங்க. ஆனா இவன் போறது கத்தியைக் காப்பாத்துற வேலைக்கு" என்றேன்.

அவர் வீட்டுக்குள் போய், மூலையில் சாத்தியிருந்த தம் பழைய புல்வெட்டும் மெஷினைத் தூக்கி வந்து மகன் முன் வைத்தார். "இது ரெண்டு மாசமா ஓடல. மொதல்ல இதப் பாரு" என்றார். எண்ணெய் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டார்களோ, காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதோ, பிளக் கரி பிடித்திருக்கிறதோ என்று பையன் அங்கேயே உட்கார்ந்து ஆராய ஆரம்பித்துவிட்டான். அம்மா பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்துக் கொடுத்தார். நான் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்வரை அப்பாவும் மகனும் தலை நிமிரவில்லை. என்ன முடிவு எடுப்பார்கள் என்பது அவர்கள் குடும்பத்து விஷயம். கேள்விகளை எழுதிய தாளை மட்டும் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆசிரியர் சகோதர சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. 'மாடு மேய்க்கத்தான் போவாய்', 'புல் வெட்டத்தான் போவாய்' என்ற வசவுகள் நம் வாயில் பழகிப்போய்விட்டன. அதைச் சொல்லும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் யாருடைய அப்பா மாடு வைத்திருக்கிறார், யாருடைய அம்மா காலையில் வெளிக்காட்டுக்குப் போயிருக்கிறார் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். படிக்கச் சொல்ல நமக்கு வேறு சொற்கள் இல்லாமலா போய்விட்டன? நான் அந்த வசவை விட்டுவிட்டேன். என் மேசையில் அந்தக் கடிகாரம் இருக்கிறது. இப்போது யாராவது அதைப் பிரிக்க ஆசைப்பட்டால், ஒரு திருகாணி முடுக்கியும், கழற்றியதைப் போட்டு வைக்க ஒரு கிண்ணமும் கொடுத்து, "திரும்பப் பூட்டணும்" என்று மட்டும் சொல்கிறேன்.